உறுப்பினர் எண் ஏழின் அறுபது கிலோவாட்

மார்ச் 3
பதிவுத் தபால்

சூரிய மின்கூரைத் தொழில் செய்வோர் சங்கம்
செயலாளர் அலுவலகம்

உறுப்பினர் எண் 7 அவர்களுக்கு,

வணக்கம். சங்க விதி 14-இன்படி இந்த அறிவிப்பு அனுப்பப்படுகிறது. தாங்கள் கடைசியாகக் கொடுத்த படிவத்தில், இதுவரை கூரைகளில் பொருத்திய சூரியப் பலகைகளின் மொத்தத் திறன் அறுபது கிலோவாட் என்று இருக்கிறது. கிலோவாட்டுக்கு நூறு வீதம் ஆண்டுச் சந்தா ஆறாயிரம். இரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் கட்டவில்லை. முப்பது நாளுக்குள் பன்னிரண்டாயிரத்தைச் செலுத்தத் தவறினால் தங்கள் உறுப்பினர் பதிவு நீக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்

பின்குறிப்பு. மேலே எழுதியது செயலாளர். இது உன் அக்கா. பொதுக்குழுவில் பாக்கிக்காரர் பட்டியலை மைக்கில் வாசித்தேன். உன் எண் வந்தது, பக்கத்தில் அறுபது கிலோவாட் என்று. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? ஆறிலிருந்து எட்டுக்குத் தாவியிருக்க வேண்டுமா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அத்தனை தூரத்தில் ஓர் ஊரில் வேலை பிடித்துக்கொண்டாய். நாலு மாதமாகப் போனை எடுக்கவில்லை. போனை எடுக்காதவனுக்குப் பதிவுத் தபால்தான் வழி. கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கியிருப்பாய்? உயிரோடு இருக்கிறாய் என்றாவது எனக்குத் தெரியட்டும், ஒட்டடைக்குச்சி.

•

மார்ச் 11

பெருமதிப்பிற்குரிய செயலாளர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் அறிவிப்பு கிடைத்தது. உயிரோடு இருக்கிறேன். தபால்காரர் சாட்சி.

சந்தா கேட்டிருக்கிறீர்கள். சரி. முதல் வருஷம் மறந்துபோனேன். இரண்டாம் வருஷம் வீம்பு. ஒத்துக்கொள்கிறேன். இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன், சங்கம் பதில் சொல்லட்டும். இருவழி மீட்டர் எங்கே?

போன ஆண்டு மின்வாரியம் விதி போட்டது. மாடியில் பலகை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும், வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வரும் மின்சாரத்தையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர் இருந்தே தீரவேண்டும். அது இல்லாமல் புதிய வீட்டில் சுவிட்சைப் போடக்கூடாது. போடவில்லை. முப்பத்தோரு வீடு. பலகை ஏற்றி, கம்பி இழுத்து, எல்லாம் முடித்துவிட்டேன். மீட்டர் வந்தால்தான் கடைசித் தவணை தருவோம் என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வெயிலில் பலகையும் காய்கிறது, என் பாக்கெட்டும் காய்கிறது. வாரியத்தில் போய்க் கேட்டால் "ஸ்டாக் இல்லைங்க" என்று ஒரே பாட்டு. அதனால்தான் பிழைப்புக்காக இங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கின் கூரையில் ஏறி நிற்கிறேன்.

ஒன்பது வருஷமாகச் சங்கம் நடத்துகிறீர்களே, ஒரு மீட்டராவது வாங்கிக் கொடுத்தீர்களா? கண்காட்சி நடத்தினீர்கள், பை கொடுத்தீர்கள், பையில் பேனா கொடுத்தீர்கள். பேனா எழுதவில்லை.

இப்படிக்கு,
உறுப்பினர் எண் 7, நீக்கப்படும் வரை

பின்குறிப்பு. மச்சானைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்கவில்லை.

•

மார்ச் 20

தம்பி,

அந்தப் பேனா ஏன் எழுதவில்லை என்று எனக்கும் தெரியாது. மொத்தமாக வாங்கிவிட்டோம், இன்னும் இருநூறு இருக்கிறது.

உன் கடிதம் எனக்குச் சுரீர் என்றது. அடுத்த நாளே வாரியத்துக்குப் போனேன். மீட்டர் வாங்கும் பிரிவின் பொறியாளர் அம்மாவின் மேசையில் கோப்பு, நாற்காலியில் கோப்பு, அவருக்கே உட்கார இடமில்லை. நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என்ன புத்தகம் தெரியுமா? நம் சங்கத்து ஆண்டு மலர். பக்கம் நாலு.

"இதை யாரு எழுதினது?" என்றார்.

"நான்தான்."

"மொத்த உறுப்பினர் நூத்திப் பன்னிரண்டு. இதுவரைக்கும் போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோவாட். வீட்டுக்கு நாலு வெச்சாக்கூட ஐநூறு வீடு வராது. அதனால ஐநூறு மீட்டர் வாங்கினோம். எல்லாம் தீர்ந்துபோச்சு. உங்க கணக்குப்படி பார்த்தா இன்னும் மிச்சம் இருக்கணும்மா! நியாயமா நான்தான் உங்களைக் கேக்கணும், என் மீட்டரெல்லாம் எங்கேன்னு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் எங்கிருந்து வந்தது? உங்கள் சந்தாப் படிவங்களைக் கூட்டித்தான் ஒவ்வொரு ஆண்டும் போடுகிறேன். எத்தனை கிலோவாட்டோ அத்தனை சந்தா. அதனால் ஒவ்வொரு மகராசனும் குறைத்துக் குறைத்து எழுதியிருக்கிறான்! அலுவலகத்துக்குத் திரும்பி வந்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எதிர்த்தெருவில் மட்டும் பதினாறு மாடியில் பலகை. அத்தனையும் பேட்டரிக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் போட்டது, எனக்கே தெரியும். அவருடைய படிவத்தில் இருக்கும் கிலோவாட் எட்டு வீட்டுக்குத்தான் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கொள்முதல் ஆணை ஏப்ரல் 30-ஆம் தேதி போகிறது. அதற்குள் ஒவ்வொரு உறுப்பினரும் கையெழுத்திட்ட உண்மைக் கணக்கு வந்தால் அத்தனை மீட்டர் வாங்குவதாகப் பொறியாளர் அம்மா சொல்லிவிட்டார். வராவிட்டால் மறுபடியும் ஐநூறுதான். பொதுக்குழு ஏப்ரல் 25. அதன் கடைசித் தீர்மானம் என்ன என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன்: சங்கத்தைக் கலைப்பது. ஆறு மாத வாடகை நிற்கிறது. வருகிற சந்தா மின்கட்டணத்துக்கே போதவில்லை. சூரிய மின்சாரச் சங்கம், மின்கட்டணம் கட்ட முடியாமல் மூடப்போகிறது. சிரிக்காதே.

நீ ஒருவனாவது உண்மையைச் சொல்லு. அறுபதா?

அக்கா

•

மார்ச் 28

அக்கா,

சிரித்தேன். மன்னித்துக்கொள். கிடங்குக் கூரையில் உட்கார்ந்து படித்தேன், கீழே நின்றவர்கள் எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அறுபது இல்லை. அது உனக்கும் தெரியும். ஆனால் உண்மை எண்ணைப் போட்டால் ஒரு வருஷச் சந்தாவே எழுபதாயிரத்தைத் தாண்டும். பழைய வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்டால் நான் ஏணியையும் விற்க வேண்டும். முதல் ஆளாக நான் போய் மாட்டிக்கொள்ள, மற்ற நூற்றுப் பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். "அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடறாங்க" என்று வேறு பேசுவார்கள். எனக்கு வேண்டாம் இந்த வம்பு.

எல்லோரையும் திட்டுகிறாயே, ஒன்று செய். அலமாரியின் மேல்தட்டில் முதல் வருஷக் கோப்பு இருக்கும். அதில் ஏழாம் எண் படிவத்தை எடு. எண்ணைப் பார்க்காதே, கையெழுத்தைப் பார். பார்த்துவிட்டு எழுது.

தம்பி

•

ஏப்ரல் 4

தம்பி,

பார்த்தேன்.

நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். தூசியில் பத்துத் தும்மல். பிரித்தால் என் எழுத்து. "பத்து" என்று நானே எழுதி, அதன் கீழே அடிக்கோடும் போட்டிருக்கிறேன், ஏதோ பெரிய சாதனை மாதிரி.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சங்கம் ஆரம்பித்த நாள். டீக்கடையின் பின்னறை, நீளமான மேசை, பதினாலு பேர், ஒரே பேனா. அப்போது உன்னிடம் இருந்தது இரண்டு ஏணியும் ஒரு கடனும். நீ நாற்பது கிலோவாட் போட்டிருந்தாய். உண்மையை எழுதத்தான் நீ பேனாவைத் திறந்தாய். நான்தான் பிடுங்கினேன். "சும்மா இருடா, கடன்காரா. பத்துன்னு போட்டா ஆயிரத்தோட போச்சு" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேட்டரிக்காரர் எட்டிப் பார்த்தார். படிவங்களை வாங்குகிறவளே தன் தம்பிக்குக் குறைத்துப் போடுகிறாள் என்றால் இதுதான் சங்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று அவரும் குறைத்தார். பேனா அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போனது. அப்படியே மேசையைச் சுற்றி வந்தது. அப்புறம் சேர்ந்தவர்களுக்கு இவர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஒன்பது வருஷமாக நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைவிட ஒன்று. நான் ஆரம்பித்து வைத்த பொய்யை நானே மைக்கில் வாசித்து, உன்னை எல்லோர் முன்னாலும் பாக்கிக்காரன் என்றேன். நீ அந்த இடத்திலேயே "இதை முதல்ல எழுதினது யாரு?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாற்காலியை மட்டும் தள்ளினாய். நான் என்னடா என்றால் நாற்காலியில் கீறல் விழுந்துவிட்டதே என்று வருத்தப்பட்டேன்.

தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. பொதுக்குழுவில் அதே மைக்கில் இதைச் சொல்லப்போகிறேன். செயலாளர் பதவி போனால் போகட்டும். மச்சானிடம் சொன்னேன். "நிம்மதியாச்சு, இனிமே வீட்ல சாப்பாட்டு நேரத்துல சந்தா பேச்சு இருக்காது" என்கிறார்.

நீ வரவேண்டியதில்லை. படிவமும் கேட்கமாட்டேன்.

அக்கா

•

ஏப்ரல் 12

அக்கா,

நீ மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு தடவை படித்தேன், யாராவது உன் எழுத்தைப் போல எழுதி அனுப்பிவிட்டார்களா என்று.

உனக்கு ஒன்று தெரியவேண்டும். என்னைச் சுட்டது பாக்கி இல்லை, "அறுபது" என்ற சொல். வெயிலில் முழங்கால் தேய ஏறியதெல்லாம் அறுபதுதானா என்று என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன்? உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அறுபதில் நிறுத்தியது நான்தானே. முழுப் பழியையும் நீயே சுமக்காதே, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

மைக்கில் சொல்லத்தான் போகிறாய், நான் தடுத்தால் கேட்கவா போகிறாய்? ஆனால் வெறும் கையோடு ஏறாதே. உண்மை சொன்னால் அபராதம் என்றால் எவன் சொல்வான்? கிலோவாட்டுக்கு நூறு என்பதை நாற்பதாக்கு. பழைய ஆண்டுகளில் குறைத்து எழுதியதைக் கேட்கமாட்டோம் என்று தீர்மானம் போடு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எல்லோரும் பாதி உண்மை சொன்னாலே சங்கத்துக்கு இப்போது வருவதைவிட அதிகம் வரும். முழு உண்மை சொன்னால் நீ வாடகையும் கட்டலாம், எழுதுகிற பேனாவும் வாங்கலாம்.

கிடங்கு வேலை மாதக் கடைசி வரை இருக்கிறது, வரமுடியாது. இத்துடன் ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே என் படிவம், முகவரிப் பட்டியலோடு. நீ பேசி முடித்து யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் பிரித்து வாசி. முன்னாலேயே பிரித்துப் பார்க்காதே. நீ பார்ப்பாய் என்று தெரியும், அதனால்தான் நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 26

என் ராசா,

நேற்று நடந்ததை நான் எங்கே ஆரம்பிக்க? சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டிப்போய்விட்டது, நல்லவேளை இது கடிதம்.

கூட்டம் நிறைந்திருந்தது. சங்கம் மூடுகிறது என்றால் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். தலைவர் வழக்கம்போல வரவேற்புரை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் முதல் வருஷப் படிவத்தைத் தூக்கிக் காட்டி, டீக்கடைப் பின்னறையிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். பொறியாளர் அம்மாவின் இழுப்பறையையும் சொன்னேன். "உங்க மீட்டர் வராததுக்கு வாரியம் காரணமில்லை. நான் காரணம். அப்புறம் நீங்க" என்று முடித்தேன்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. சரி, உன் உறைதான் கதி என்று எடுத்தேன். பாவி, அந்த டேப்! பல்லால் கடித்துப் பிரித்தேன், நூறு பேர் பார்க்க.

"உறுப்பினர் எண் ஏழு" என்று மைக்கில் ஆரம்பித்தேன். "மொத்தம் எழுநூத்தி நாப்பத்திரண்டு கிலோவாட்." பின்னாலிருந்து ஒருவர் விசில் அடித்தார். அப்புறம் முகவரிப் பட்டியலுக்கு வந்தேன். முதல் வரி. "ஒன்று: அக்கா வீட்டு மாடி. இரண்டு கிலோவாட். என் முதல் வேலை. கூலி வாங்கவில்லை, அதனால் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை."

அவ்வளவுதான். எனக்கு மேலே வாசிக்க வரவில்லை. மைக் வாயருகில் இருக்கிறது என்பதும் மறந்துபோய் விசும்பிவிட்டேன். நாலு ஒலிபெருக்கியிலும் நான் மூக்கு உறிஞ்சும் சத்தம். தலைவர் திடுக்கிட்டு விழித்து, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். கூட்டமே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் பேட்டரிக்காரர் எழுந்தார்.

"அம்மா, எம் படிவம் பொய். எட்டு வீட்டுக் கணக்குத்தான் போட்டேன். நூத்திப் பத்து வீடு. எழுதிக்கோங்க."

அவருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் ஆகாது, உனக்குத்தான் தெரியுமே. அந்தக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? "இவருக்கே நூத்திப் பத்துன்னா எனக்கு நூத்தி நாப்பதுங்க!" என்று துள்ளி எழுந்தார். அப்புறம் பிடிக்க முடியவில்லை. ஒன்பது வருஷமாக ஒளித்து வைத்ததை எல்லாம் ஏலம் கேட்பது போலக் கத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் புதுக் கவலை வந்துவிட்டது. இவர்கள் இப்போது கூட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களோ? "முகவரி இல்லாத கிலோவாட் செல்லாது! தம்பி மாதிரி வீடு வீடா எழுதிக் கொடுங்க!" என்று கத்தினேன். ஒருவர் சங்கத்துப் பேனாவில் பாதி எழுதி, மை வராமல் திட்டிக்கொண்டே பென்சிலுக்கு மாறினார்.

கூட்டிப் பார்த்தோம். பதினோராயிரத்து நானூற்று இருபது கிலோவாட். நாற்பது வீதம் போட்டால் சந்தா நாலரை லட்சத்தைத் தாண்டுகிறது. இதுவரை இரண்டு லட்சத்தைக்கூடத் தொட்டதில்லை. உன் இரண்டு தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறின. சங்கத்தைக் கலைக்கும் தீர்மானத்தை வாசித்தபோது "அடுத்தது!" என்று கத்தினார்கள். நான் ராஜினாமாக் கடிதம் நீட்டினேன். தலைவர் அதை வாங்கி மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இன்று காலை கட்டுக்கட்டாகப் படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறியாளர் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒரே மாசத்துல ஆறு மடங்கு வளர்ந்துட்டீங்களே!" என்றார். அப்புறம் ஆணையில் ஐநூறை அடித்துவிட்டு மூவாயிரம் என்று எழுதினார். என் கண்ணால் பார்த்தேன்.

இனி செயலாளர் பேசுகிறார். உன் புதுச் சந்தா எழுநூற்று நாற்பது கிலோவாட்டுக்கு மட்டும். மீதி இரண்டு கிலோவாட்டுக்கு எண்பதை நான் கட்டிவிட்டேன், ரசீது இணைத்திருக்கிறேன். பழைய பன்னிரண்டாயிரத்துக்குத் தள்ளுபடி கிடையாது. விதி 14 அப்படியே இருக்கிறது.

அக்கா

•

ஜூன் 14

அக்கா,

காசோலை இணைத்திருக்கிறேன், பன்னிரண்டாயிரமும் புதுச் சந்தாவும். பணம் எப்படி வந்தது என்று கேட்கிறாயா? மீட்டர் வந்துவிட்டது! கிடங்கு வேலை முடிந்து திரும்பி, உன் வீட்டுக்கு வரக்கூட நேரமில்லாமல் மூன்று நாளில் பத்தொன்பது வீட்டில் மாட்டிவிட்டேன். மிச்சம் பன்னிரண்டும் இந்த வாரம் முடிந்துவிடும். என் ஆட்கள் கூரையிலேயே ஆடாத குறை.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். சுவிட்சைப் போட்டதும் அந்த அம்மா மீட்டரை விட்டு நகரவே இல்லை.

"தம்பி, வெளிய போற எண் ஓடுதே. நம்ம கரண்ட் இப்போ எங்க போகுது?"

"பக்கத்து வீட்டுக்குத்தாம்மா முதல்ல போகும்."

"அய்யய்யோ! அவங்களுக்கும் எனக்கும் நாலு மாசமா பேச்சே இல்லையே!"

"கரண்டுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் எழுந்து கம்பி எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றேன். கண்ணில் தூசி விழுந்திருந்தது.

உன் வீட்டுக்கும் மீட்டர் வேண்டுமே என்று வாரியத்தில் கேட்டேன். வரிசையில் நீ எண்ணூற்று நாற்பதாவது ஆளாம். தம்பிக்காரன், செயலாளர் வீட்டுக்கு முதலில் மாட்டிவிட்டான் என்று பேச்சு வரக்கூடாது என்று நீயே கடைசியில் விண்ணப்பம் கொடுத்தாயாமே. சரிதான், நீ திருந்தமாட்டாய்.

பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்தப் பலகைகளைத் துடைத்து எத்தனை நாளாகியிருக்கும்? அதற்கு மீட்டர் தேவையில்லை, இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துணியும் போதும். என்மேல் இன்னும் ஏதாவது அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தால் பதிவுத் தபாலுக்குச் செலவு செய்யாதே. மாடிப்படியில் நின்று கத்து, காதில் விழும்.

உன் தம்பி